உங்களுக்குத் தெரியுமா? ஈட்டி எறிந்த கரத்தில் பேஸ்பால்

பள்ளித் திடல்களில் சாப்ட்பால் கண்டு பழகிய தாசேக் கெலுகோர் வாசகர்களுக்குப் பேஸ்பால் முற்றிலும் அந்நியமன்று எனினும், அதில் ஓர் இந்திய இளைஞர் பெற்ற கீர்த்தி போதிய அளவு பேசப்படவில்லை என்பதே என் எண்ணம்.

உத்தரப் பிரதேசத்தில் ஈட்டி எறிந்துகொண்டிருந்த ரிங்கு சிங், 2008-இல் ஒரு பந்தெறி போட்டியில் முதலிடம் பெற்று, சக போட்டியாளர் தினேஷ் படேலுடன் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அமைப்பில் ஒப்பந்தமாகி, 2009 ஜூலையில் அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் வெற்றி ஈட்டிய முதல் இந்தியப் பந்தெறிவாளர் ஆனார். சிவப்புத் தையலின் குறுக்கே இரு விரல்களைப் பதித்து, 18.44 மீட்டர் தொலைவிலுள்ள தளத்தை நோக்கி, தரையில் படாதவாறு பந்தை அதிவேகமாக விடுக்கும் அவ்வித்தையை, சிறுவயதுப் பயிற்சி சிறிதுமின்றி இருபது வயதையொட்டிக் கற்றுத் தேர்வது அசாதாரண சாதனையே அன்றோ!

2012-இல், சார்ல்ஸ்டன் நகரைத் தாயகமாகக் கொண்ட வெஸ்ட் வர்ஜீனியா பவர் என்னும் கீழ்நிலை லீக் அணிக்காக 39 ஆட்டங்களில் 72 இன்னிங்ஸ் எறிந்து, 65 மட்டையாளர்களை ஸ்ட்ரைக் அவுட் செய்த அவர், தடுப்பாளர் பிழைகளால் வந்தவை நீங்கலாக, ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரி மூன்று ஓட்டங்களே கொடுத்தார். பின்னர்க் காயங்கள் குறுக்கிட்டன. இவ்விருவர் சரித்திரத்தைச் சித்திரித்த 2014-ஆம் ஆண்டின் 'மில்லியன் டாலர் ஆர்ம்' திரைப்படத்துக்கு இசையமைத்தவர் நம் ஏ.ஆர். ரகுமான்.