வெல்லம் போடாத பானகம்

ஸ்ரீராமநவமி என்றால் நம்மவர் வீடுகளில் பானகமும் நீர்மோரும் இல்லாமல் இருக்காது. பங்குனியிலோ சித்திரையிலோ வரும் அந்த நாளிலேயே தில்லி வெயில் தலைகாட்டத் தொடங்கிவிடும். பிறகு மழை வரும்வரை, பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்குக் குடிக்க என்ன கொடுப்பது என்பதுதான் துவாரகா தாய்மார்களின் கவலை. குளிர்பானப் புட்டி வேண்டாம் என்று சொன்னால் மட்டும் போதாது. பதிலுக்கு ஒன்றைக் கையில் கொடுக்கவும் வேண்டும். வெல்லத்துக்குப் பதில் உலர்ந்த திராட்சை போட்டுச் செய்யும் பானகம் அதற்கு ஏற்றது.

திராட்சை துவாரகா கடைகளிலேயே கிடைக்கும். பல ரகங்களைப் பார்த்து வாங்க விரும்பினால் பழைய தில்லி காரி பாவ்லிக்குப் போகலாம். நீல வழி மெட்ரோவில் ராஜீவ் சௌக் சென்று, மஞ்சள் வழிக்கு மாறி, சாந்தினி சௌக்கில் இறங்க வேண்டும். 1650-இல் கட்டப்பட்ட ஃபத்தேபுரி மசூதியை ஒட்டி அந்தக் கடைத்தெரு இருக்கிறது. காரி பாவ்லி என்றால் உப்புநீர்ப் படிக்கிணறு என்று பொருள். அங்கே சிறிய, விதையில்லாத ரகத்தைக் கிஷ்மிஷ் என்றும், பெரிய, விதையுள்ளதை முனக்கா என்றும் கேட்டு வாங்குங்கள். பளபளவென்று பொன் மஞ்சளாக இருப்பது பெரும்பாலும் கந்தகப் புகை காட்டியது. ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. கறுப்பு அல்லது பழுப்பு நிறத் திராட்சையே மேல்.

தேவையானவை: திராட்சை 100 கிராம், எலுமிச்சம்பழம் 1, சுக்குப்பொடி அரை டீஸ்பூன், ஏலக்காய் 3, உப்பு ஒரு சிட்டிகை, காய்ச்சி ஆறிய தண்ணீர் 1 லிட்டர்.

செய்முறை: திராட்சையை வெதுவெதுப்பான நீரில் இரண்டு முறை கழுவி, முனக்காவானால் விதை நீக்கி, அரை லிட்டர் தண்ணீரில் ஊறவையுங்கள். ஊறிய தண்ணீரோடு மிக்ஸியில் அரைத்து, மீதித் தண்ணீர், எலுமிச்சைச் சாறு, சுக்கு, பொடித்த ஏலக்காய், உப்பு சேர்த்துக் கலக்குங்கள். வடிகட்டாமல் குடித்தால் நார்ச்சத்து வீணாகாது. ஐந்து டம்ளர் வரும்.

ஊறவைக்கும் நேரத்தில்தான் கவனம் வேண்டும். தில்லிக் குளிர்காலத்தில் இரவு முழுதும் வெளியே இருக்கலாம். மே மாதத்தில் அப்படி வைத்தால், திராட்சைத் தோலில் உள்ள ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிடும். மறுநாள் நுரையும் புளித்த வாடையும் வந்து நிற்கும். அதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் கொட்டிவிடுங்கள். கிறிஸ்துமஸுக்கு வீட்டில் போடும் திராட்சை வைனும் இதே புளிப்பில் பிறப்பதுதான். உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது தில்லி கலால் சட்டம் 2009-இன்படி குற்றம் என்பதையும் நினைவில் வையுங்கள். கோடையில் ஃபிரிஜ்ஜிலேயே ஊறவைத்து, செய்த பானகத்தை அன்றே குடித்துவிடுவது நல்லது.

வெல்லமும் சர்க்கரையும் போடவில்லையே என்று நீரிழிவு உள்ள பெரியவர்கள் டம்ளர் டம்ளராகக் குடித்துவிடக் கூடாது. 100 கிராம் திராட்சையில் ஏறத்தாழ 65 கிராம் சர்க்கரை இயற்கையாகவே இருக்கிறது. ஒரு டம்ளருக்கு அது 13 கிராம், அதாவது சுமார் மூன்று டீஸ்பூன். பொட்டாசியமும் அதிகம் என்பதால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம். ஊரிலிருந்து கோடைக்கு வந்திருக்கும் தாத்தா பாட்டிக்கு நீர்மோரும், விளையாடிக் களைத்து வரும் பேரப்பிள்ளைகளுக்கு இந்தப் பானகமும் என்று வைத்துக்கொண்டால், வீட்டில் எல்லோருக்கும் தாகம் தீரும்.