ஆறிக்கொண்டிருந்த எலும்புதான் முறிந்தது

பந்தயத்தில் ஓடிக்கொண்டிருக்கும் குதிரை திடீரென்று தடுமாறுகிறது. முன்னங்கால் ஒன்று தொங்குகிறது. ஓடிவந்து சுற்றித் திரை பிடிக்கிறார்கள். கால்நடை மருத்துவர் ஊசியோடு போகிறார். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடுகிறது. காரணம் கேட்டால், “காலைத் தப்பாக வைத்துவிட்டது” என்பதுதான் காலங்காலமாகக் கிடைத்த பதில். தரையில் பள்ளம் என்பார்கள், மழை ஈரம் என்பார்கள், ஜாக்கியின் தவறு என்பார்கள், விதி என்பார்கள். முறிந்த எலும்பை எடுத்து வைத்துப் பார்க்கும் வழக்கம் மட்டும் வெகுகாலம் இல்லாமலே இருந்தது.

1990இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் ஒரு விதியைக் கொண்டுவந்தது. அந்த மாநிலத்துப் பந்தயத் திடல்களில் இறக்கிற, அல்லது கருணைக்கொலை செய்யப்படுகிற குதிரை எதுவானாலும் பிரேதப் பரிசோதனைக்கு வந்தாக வேண்டும். பந்தயத்தில் விழுந்ததும் வரும், விடியற்காலைப் பயிற்சியில் விழுந்ததும் வரும். மாநிலக் குதிரைப் பந்தய வாரியமும் டேவிஸ் நகரில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகமும் சேர்ந்து இதை நடத்தின. இப்படி வந்து சேர்ந்த எலும்புகளைச் சூசன் ஸ்டோவர் என்ற கால்நடை மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஒவ்வொன்றாக ஆராயத் தொடங்கினார்கள்.

அவர்கள் கண்டதைப் புரிந்துகொள்ள ஓர் எலும்பை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே உள்ள மேற்கை எலும்பு. குதிரைக்கு அது மார்புச் சதைக்குள் புதைந்து கிடக்கும். அதன் பெரும்பகுதியை வெளியிலிருந்து தடவிப் பார்க்கக்கூட வராது. சதையை நீக்கிச் சுத்தம் செய்து, முறிந்த இரண்டு துண்டுகளையும் பொருத்திவைத்தால் முறிவுக் கோடு சாய்வாக ஓடுவது தெரியும். மற்ற இடமெல்லாம் எலும்பு தந்தம்போல வழவழவென்று இருக்கிறது. முறிவுக் கோட்டின் ஓரத்தில், ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும், பழைய படகின் அடியில் சிப்பி அப்பியதுபோல ஒரு சொரசொரப்பான தடிப்பு.

அந்தத் தடிப்புக்குக் காலஸ் என்று பெயர். கை முறிந்து மாவுக்கட்டுப் போட்டவர்களுக்கு இது தெரியும். சில வாரம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “கூடி வருது பாருங்க” என்று மருத்துவர் காட்டுவாரே, அந்தப் புது எலும்புதான் அது. கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு அது வளர வாரக்கணக்கில் ஆகும். முறிந்த சில நிமிடங்களுக்குள் இறந்துபோன குதிரையின் எலும்பில் அது எப்படி வந்தது?

வேறு வழியே இல்லை. அந்த எலும்பில் விரிசல் முன்பே விழுந்திருக்கிறது. உடம்பு அதைக் கண்டுபிடித்துப் புது எலும்பைப் போட்டு ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அது முடிவதற்குள் குதிரையை ஓடவிட்டிருக்கிறார்கள். 1992இல் இந்தக் குழு வெளியிட்ட ஆய்வில் இன்னொரு சான்றும் இருந்தது. எலும்பு முழுதாக முறியாத குதிரைகளின் மேற்கை எலும்புகளிலும் அதே இடங்களில் பாதி விரிசல்கள் இருந்தன, பக்கத்திலேயே காலஸும் இருந்தது. அதாவது, முறிவு முன்கூட்டியே தன் இடத்தைக் குறித்துவைத்திருந்தது. ‘திடீர் விபத்து’ என்ற சொல்லை அதற்குப் பிறகு அவ்வளவு எளிதாகச் சொல்ல முடியவில்லை.

எலும்பு என்றால் கல் மாதிரி, சதைதான் உயிருள்ளது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். எலும்புக்குள் இரண்டு வகை உயிரணுக்கள் ஓயாமல் வேலை பார்க்கின்றன. ஒரு வகை, தேய்ந்த, நுண்விரிசல் கண்ட பகுதியைக் கரைத்துக் குடைந்து எடுக்கும். இன்னொரு வகை, அந்தக் குடைவில் புது எலும்பை நிரப்பும். தெருவில் பழைய குழாயை மாற்றுவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் தோண்டியாக வேண்டும். பிறகுதான் மூட முடியும். குடைவதற்குச் சில வாரம் போதும், நிரப்பி இறுக்குவதற்குச் சில மாதம் வேண்டும். இந்த இடைவெளியில் அந்த இடம் முன்னைவிட வலு குறைந்திருக்கும். தோண்டிப் போட்ட தெருவில் லாரியை விட்டால் என்ன ஆகுமோ அதுதான் பந்தயக் குதிரைக்கும் ஆகிறது. முழு வேகத்தில் ஓடும்போது ஒரு முன்னங்காலில் இறங்கும் சுமை, குதிரையின் எடையைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. குதிரையின் எடையோ சுமார் 500 கிலோ.

இதில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது ஓய்வு பற்றிய ஆய்வுதான். 1998இல் வெளியானது. இரண்டு மாதமோ அதற்கு மேலோ வேகப் பயிற்சி இல்லாமல் இருந்துவிட்டுத் திரும்பி வந்த குதிரைகளுக்கு மேற்கை எலும்பு முறியும் ஆபத்து கூடுதலாக இருந்தது, அதுவும் திரும்பிய முதல் சில நாட்களிலேயே. ஓய்வு கெடுதல் என்று இதற்குப் பொருள் இல்லை. ஓய்வில் நொண்டல் மறைந்துவிடுகிறது, சதையும் மூச்சும் சீக்கிரம் பழைய நிலைக்கு வந்துவிடுகின்றன, குதிரை துள்ளுகிறது. எலும்பு மட்டும் இன்னும் தயாராகவில்லை. வெளித்தோற்றத்தை நம்பி ஓடவிடுகிறவருக்கு அது தெரிய வழியில்லை.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் டேவிட் நுனமேக்கர் வேறொரு வழியில் இதே இடத்துக்கு வந்தார். அமெரிக்காவில் பயிற்சிக்கு வரும் இளங்குதிரைகளில் பத்துக்கு ஏழுக்கு முன்னங்காலின் கீழெலும்பு முன்பக்கமாக வீங்கி வலிக்கும். அவர் உயிருள்ள குதிரைகளின் எலும்பில் நுண்கருவிகளை ஒட்டி, ஓடும்போது எலும்பு எவ்வளவு, எந்தப் பக்கம் வளைகிறது என்று அளந்தார். மெதுவாக ஓடும்போது ஒரு திசையில் இறங்கும் அழுத்தம், முழு வேகத்தில் வேறு திசையில் இறங்கியது. மாதக்கணக்கில் மெதுவான ஓட்டம் மட்டுமே கொடுத்தால் எலும்பு அதற்கேற்றபடி தன்னைக் கட்டிக்கொள்கிறது. பந்தய நாளில் அதுவரை சந்திக்காத பக்கத்திலிருந்து அடி விழுகிறது. ஆரம்பத்திலிருந்தே குறுகிய தூர வேக ஓட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும் என்று அவர் சொன்னார். இரண்டு வயதுக் குதிரையைப் பந்தயத்துக்கு இழுக்கும் தொழிலில் இந்தப் பொறுமை எல்லாருக்கும் வாய்ப்பதில்லை என்பது வருத்தத்துக்குரிய விஷயம்.

சரி, முறிந்தேவிட்டது. மனிதனுக்குப் போல ஒட்டவைத்துக் காப்பாற்றக் கூடாதா?

2006 மே 6ஆம் தேதி அமெரிக்காவின் கென்டக்கி டெர்பி பந்தயத்தை ஆறரைக் குதிரை நீள இடைவெளியில் வென்றது பார்பரோ என்ற குதிரை. அதுவரை தோற்றதே இல்லை. இரண்டு வாரம் கழித்து, மே 20 அன்று பால்டிமோரில் பிரீக்னஸ் பந்தயம். புறப்பட்ட கொஞ்ச தூரத்திலேயே வலது பின்னங்கால் முறிந்தது. குளம்புக்கு மேலே உள்ள எலும்பு மட்டுமே இருபதுக்கும் மேற்பட்ட துண்டுகள். மறுநாள் பென்சில்வேனியாவின் நியூ போல்டன் மருத்துவமனையில் டீன் ரிச்சர்ட்சன் உலோகத் தகடும் 27 திருகுகளும் வைத்து அந்தக் காலைச் சேர்த்தார். மயக்கம் தெளியும்போது குதிரை மிரண்டு எழுந்தால் செய்ததெல்லாம் வீண். ஆகவே ரப்பர் மிதவையில் கட்டி, தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி அதைக் கண்விழிக்க வைத்தார்கள்.

எலும்பு கூடத் தொடங்கியது. ஜூலையில் இடி விழுந்தது முறியாத இடது பின்னங்காலில்.

குதிரை நிற்பது ஒரு காலுக்கு ஒரு விரலில்தான். நம் நடுவிரலுக்குச் சமமான விரல் அது; குளம்பு அதன் நகம். அந்த நகத்துக்குள் கடைசி விரலெலும்பு தொங்கிக்கொண்டிருக்கிறது. தாங்கிப் பிடிப்பவை குளம்புச் சுவரின் உட்புறத்தில் வரிசையாக நிற்கும் மெல்லிய மடிப்புகள். காளானைக் கவிழ்த்துப் பார்த்தால் தெரியுமே, அந்த மாதிரி. ஒரு குளம்பில் 550 முதல் 600 மடிப்புகள். ஒவ்வொரு மடிப்பிலும் கண்ணுக்குத் தெரியாத 150 முதல் 200 கிளை மடிப்புகள். எல்லாவற்றையும் விரித்தால் சராசரியாக 0.8 சதுர மீட்டர் பரப்பு வரும் என்று ஆஸ்திரேலியாவின் கிறிஸ்டோபர் பாலிட் கணக்கிட்டார். முழுக் குதிரையும் இந்த மடிப்புகளின் பிடியில்தான் நிற்கிறது.

இந்த மடிப்புகளுக்கு ரத்தம் ஒழுங்காகப் போய்வர வேண்டுமென்றால் குதிரை அடியெடுத்து வைக்க வேண்டும். ஊன்றுவதும் தூக்குவதுமாக மாறி மாறி நடந்தால்தான் ரத்த ஓட்டம் சீராக இருக்கும். குயின்ஸ்லாந்திலும் பிறகு நியூ போல்டனிலும் ஆய்வு செய்த ஆண்ட்ரூ வான் எப்ஸின் ஆராய்ச்சி இதைத்தான் காட்டுகிறது: ஒரு கால் வலிக்கிறது என்று மறுகாலிலேயே நாள்முழுக்க ஊன்றி நிற்கும் குதிரையின் அந்தக் குளம்புக்கு ரத்தம் குறைகிறது, மடிப்புகள் பட்டினி கிடந்து பிடியை விடுகின்றன. எலும்பு உள்ளே சரிந்து இறங்குகிறது. லேமினைட்டிஸ் என்ற குளம்பு அழற்சி இது. மாத்திரையால் அடங்காத வலி.

பார்பரோவின் இடது குளம்புச் சுவரில் 80 சதவீதத்தை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. நவம்பரில் வலது காலின் கட்டை அவிழ்த்தார்கள். முறிந்த எலும்பு கூடியிருந்தது. ஜனவரியில் அதே காலின் பாதத்தில் சீழ்க்கட்டி வந்தது; சுமை முன்னங்கால்களுக்கு மாறியது; இரண்டு முன்குளம்புகளிலும் அதே நோய். 2007 ஜனவரி 29 அன்று, நிற்க ஒரு நல்ல கால்கூட இல்லாத அந்தக் குதிரையை உறங்க வைத்தார்கள். எட்டு மாதப் போராட்டத்தில் எலும்பு ஜெயித்தது, குளம்பு தோற்றது.

அசையாமல் வைத்தால்தான் எலும்பு கூடும் என்ற எண்ணமும் முழு உண்மை இல்லை. இங்கிலாந்தில் கால்நடை ஆய்வாளர் ஆலன் குட்ஷிப்பும் எலும்பு அறுவை மருத்துவர் ஜான் கென்ரைட்டும் 1985இல் செம்மறி ஆடுகளில் செய்த சோதனை இதற்குச் சாட்சி. காலெலும்பில் 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு வெளியிலிருந்து கம்பிச் சட்டம் பூட்டினார்கள். ஒரு பிரிவுக்குக் கடும் இறுக்கம். இன்னொரு பிரிவுக்குத் தினமும் 17 நிமிடம், 500 முறை, ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மெல்ல அசைவு. அசைவு கொடுத்த எலும்பு நன்றாகக் கூடியது. பின்னர் 2 மில்லிமீட்டராகக் கூட்டிப் பார்த்தபோது கூடுவது கெட்டது. எலும்புக்கும் குளம்புக்கும் அசைவு வேண்டும். அளவு தவறினால் அதே அசைவு கொல்லும்.

விரிசலை முன்பே பார்க்க இப்போது வழி பிறந்திருக்கிறது. 2018 டிசம்பர் இறுதியிலிருந்து 2019 ஜூன் வரையான ஒரே பந்தயப் பருவத்தில் கலிபோர்னியாவின் சான்டா அனிடா திடலில் 30 குதிரைகள் இறந்தன, நாடே கொந்தளித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் குதிரை நின்றபடியே காலை நுழைக்கக்கூடிய ‘பெட் ஸ்கேன்’ கருவி அங்கே வந்தது. சிறிதளவு கதிரியக்கம் கொண்ட ஃப்ளூரைடை ஊசியில் ஏற்றினால், புது எலும்பு உருவாகும் இடத்தில் போய் ஒட்டிக்கொண்டு அது திரையில் ஒளிரும். முன்பு பிரேதப் பரிசோதனை மேசையில் விரல் தடவித் தெரிந்துகொண்ட காலஸின் தொடக்கத்தை, குதிரை உயிரோடு நிற்கும்போதே பார்க்க முடிகிறது. இறந்த குதிரைகள் கற்றுக்கொடுத்த பாடத்தை இருக்கும் குதிரைகளுக்குப் பயன்படுத்துவது நியாயம். எல்லாப் பந்தயத் திடல்களும் அதைச் செய்தாக வேண்டும் என்பேன்.

இந்த விரிசல் குதிரைக்கு மட்டும் வருவதில்லை. நெடுந்தூரம் அணிவகுத்து நடந்த பிரஷ்யச் சிப்பாய்களின் பாதம் வீங்குவதை ப்ரைட்ஹாப்ட் என்ற ராணுவ மருத்துவர் 1855இலேயே எழுதிவைத்தார். எக்ஸ்ரே வந்த பிறகே அது எலும்பு விரிசல் என்று தெரிந்தது. காவலர் தேர்வு அறிவிப்பு வந்ததும் நம் ஊர் மைதானங்களில் ஓட்டத்துக்கு விடியற்காலையில் பழகும் தம்பி, தங்கைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் குதிரைகள் நினைவுக்கு வருகின்றன. ஆறு மாதம் சும்மா இருந்துவிட்டு ஒரே வாரத்தில் முழு ஓட்டம் ஓடாதீர்கள். தூரத்தையும் வேகத்தையும் வாரம் வாரமாகக் கூட்டுங்கள். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் ஒரே இடத்தில் விரலால் அழுத்தினால் சுரீர் என்று வலித்தால், தைலம் தேய்த்துவிட்டு மறுநாளும் ஓடாதீர்கள். எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமலும் போகலாம். ‘ஒன்றுமில்லை’ என்று படம் சொன்னாலும் வலி இருக்கிறது என்பதை மருத்துவரிடம் மறுபடி சொல்லுங்கள்.