குரங்கியல் முதுமாணிக்கு முதல் வகுப்பு கட்டாயமா?

போன மாதம் கொம்பனித்தெருவில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் பிள்ளை ஒன்று பெறுபேற்றுப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றது. விலங்கியல் படித்த பிள்ளை. நாலுக்கு 2.9. முதல் வருடம் இரசாயனவியலில் விழுந்து எழும்பியிருக்கிறது. "அன்ட்டி, இந்த ரிசல்ட்ஸோட யாரு எனக்கு இடம் தருவாங்க? நான் குரங்கு பத்திப் படிக்கணும்" என்றது. பக்கத்தில் நின்ற தாய் ஒன்றும் பேசவில்லை. ஆனால் அவர் முகத்திலும் அதே கேள்விதான் இருந்தது.

அந்தப் பிள்ளைக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே நிலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இன்னும் பல பிள்ளைகள் இருக்கிறார்கள்.

குரங்குகள், மனிதக் குரங்குகள், தேவாங்குகள் ஆகிய முதனிகளைப் பற்றிய படிப்பை பிரைமட்டோலஜி என்கிறார்கள். எளிமைக்காகக் குரங்கியல் என்று வைத்துக்கொள்வோம். எல்லா நாட்டிலும் இது ஒரே கூரையின் கீழ் இருப்பதில்லை. அமெரிக்காவில் பெரும்பாலும் மானிடவியல் துறைக்குள் இருக்கும். இந்தியாவில் வனவிலங்கு உயிரியலுக்குள் வரும். ஐரோப்பாவில் சில இடங்களில் உயிரியல், சில இடங்களில் உளவியல். ஆகவே 'பிரைமட்டோலஜி' என்ற பெயரை மட்டும் தேடினால் கிடைக்கும் பட்டியல் மிகச் சிறியது. முதனிகளுக்கென்றே வந்த பாடநெறிகளில் அதிகம் பேசப்பட்டது, ஒக்ஸ்போர்ட் புறூக்ஸ் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டு தொடங்கிய முதனிப் பாதுகாப்பு முதுமாணி. அமெரிக்காவில் சென்ட்ரல் வாஷிங்டன் பல்கலைக்கழகம் முதனி நடத்தைக்கென்றே ஒரு முதுமாணி நடத்துகிறது. தமிழ்நாட்டில் மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலும் வனவிலங்கு உயிரியலில் முதுகலை உண்டு. குரங்கு என்ற சொல் பாடநெறியின் பெயரில் இல்லாவிட்டாலும், ஆய்வுக்குக் குரங்கை எடுக்கலாம்.

இனிப் புள்ளிக்கு வருவோம். புள்ளி முக்கியமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன், அது பொய். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் நாலுக்கு 3.0 என்று ஒரு கோடு போட்டிருக்கின்றன. ஆனால் சில இடங்களில் அந்தக் கணக்கைக் கடைசி இரண்டு வருடப் பாடங்களுக்கு மட்டுமே பார்க்கிறார்கள். முதல் வருடம் விழுந்து மூன்றாம் வருடம் எழுந்த பிள்ளைக்கு அது பெரிய வித்தியாசம். கால்குலேட்டரை எடுத்துத் தனியாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள். எங்கள் தெருப் பிள்ளைக்கு அப்படிப் பார்த்தபோது 3.2 வந்தது. கோட்டுக்குக் கொஞ்சம் கீழே நிற்பவர்களையும், துறை விரும்பிக் கேட்டால், நிபந்தனையோடு சேர்த்துக்கொள்ளும் வழக்கம் பல பல்கலைக்கழகங்களில் உண்டு. அதற்குத் துறையில் ஒருவராவது உங்களுக்காகப் பேச வேண்டும். அது எப்படி என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

புள்ளி உண்மையில் கடிப்பது புலமைப்பரிசிலில். பொதுநலவாயப் புலமைப்பரிசிலுக்கு இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு கேட்கிறார்கள். கீழ்ப்பிரிவு என்றால் அதோடு தொடர்புள்ள இன்னொரு பட்டப்பின் தகைமையும் வேண்டும். அந்த வாசல் மூடியதல்ல, சுற்றிப் போக வேண்டியது. முதலில் இங்கேயோ இந்தியாவிலோ ஒரு முதுமாணியை முடித்துவிட்டு அதைக் கேட்கலாம். இந்தியாவுக்கு ஐசிசிஆர் புலமைப்பரிசில்கள் இருக்கின்றன, கொழும்பிலுள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயம் ஊடாக விண்ணப்பிக்கலாம். செவனிங் புலமைப்பரிசிலுக்கு 2,800 மணிநேர வேலை அனுபவம் வேண்டும். சம்பளமில்லாத தொண்டு வேலையும் அதில் சேரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

ஜீஆர்ஈ பரீட்சைக்குப் பயப்படத் தேவையில்லை. அண்மை வருடங்களில் அமெரிக்கத் துறைகள் பல அதைக் கைவிட்டுவிட்டன. 'விரும்பினால் அனுப்பலாம்' என்று போட்டிருக்கும் இடத்துக்குக் குறைந்த புள்ளியை அனுப்பாதீர்கள். ஐஈஎல்டிஎஸ் அப்படியல்ல, அதற்கு ஒழுங்காகப் படித்து எழுத வேண்டும். அதன் பெறுபேறு இரண்டு வருடம்தான் செல்லும்.

இந்தத் துறையின் பெரிய பெயர்கள் சிலரின் கதையையும் பிள்ளைகள் தெரிந்திருக்க வேண்டும். மலைக் கொரில்லாக்களோடு 18 வருடம் வாழ்ந்த டயான் ஃபொஸி மிருக வைத்தியத்துக்கான முன்படிப்பில் பௌதிகமும் இரசாயனவியலும் ஓடாமல் இரண்டாம் வருடத்தில் விழுந்தவர். பிறகு தொழில்வழிச் சிகிச்சை படித்து 1954இல் பட்டம் பெற்றார். 1967இல் ருவாண்டாவில் கரிசோக்கே ஆய்வு நிலையத்தைத் தொடங்கினார், கேம்பிரிட்ஜில் கலாநிதிப் பட்டமும் பெற்றார். ஜேன் குடோல் 1960இல் கொம்பேக் காட்டுக்குப் போனபோது அவரிடம் பட்டமே இல்லை. அந்தக் காலம் வேறு, இன்று பட்டம் இல்லாமல் யாரும் சேர்க்கமாட்டார்கள். ஆனால் அவர்கள் இருவரையும் களத்துக்குத் தெரிந்தெடுத்தவர் எதைப் பார்த்தாரோ அதைத்தான் இன்றைய பேராசிரியர்களும் தேடுகிறார்கள்: இந்த ஆள் மாதக்கணக்கில் பொறுமையாக இருந்து விலங்கைப் பார்ப்பாரா, பார்த்ததைச் சரியாக எழுதுவாரா?

அதைக் காட்ட தெஹிவளை மிருகக்காட்சிசாலை போதும். ஒரு கொப்பி, ஒரு பென்சில், ஒரு கைக்கடிகாரம். முதலில் நடத்தைப் பட்டியல் ஒன்று எழுத வேண்டும். 'பேன் பார்த்தல்' என்று மட்டும் எழுதினால் காணாது. 'ஒரு விலங்கு மற்றதன் மயிரைக் கையாலோ வாயாலோ விலக்கித் தேடுவது. ஐந்து வினாடிக்கு மேல் நிறுத்தினால் முடிந்ததாகக் கொள்க' என்று, வேறொருவர் வாசித்தாலும் அதேபோல் குறிக்கக்கூடியதாக எழுத வேண்டும். பிறகு ஒரேயொரு குரங்கைத் தெரிவுசெய்து பத்து நிமிடம், அது செய்வதெல்லாம், தொடங்கிய நேரம், முடிந்த நேரம். அடுத்த பத்து நிமிடம் வேறொரு குரங்கு. எந்தக் குரங்கு என்பதை முதல் நாளே சீட்டுக் குலுக்கி முடிவுசெய்துவிட வேண்டும்.

ஏன் இந்தக் கட்டுப்பாடு? மனிதக் கண் சண்டையைத்தான் தேடிப்போகும். கண் போன போக்கில் எழுதினால் கொப்பி முழுக்கச் சண்டையாக இருக்கும், குரங்குகள் நாள் முழுக்கச் சண்டை பிடிக்கின்றன என்ற தவறான முடிவு வரும். உண்மையில் அவை நாளின் பெரும்பகுதியைத் தின்னவும் இருக்கவும்தான் செலவிடுகின்றன. இந்த முறைகளை ஒழுங்குபடுத்தி 1974இல் கட்டுரை எழுதியவர் ஜீன் ஓல்ட்மன். அவர் முதலில் படித்தது கணிதம். களத்தில் குரங்கு பார்ப்பவர்கள் எல்லோரும் இன்றுவரை அந்தக் கட்டுரையிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

இன்னொன்றும் செய்யுங்கள். ஒரு சிநேகிதியைக் கூட்டிக்கொண்டு போய், இருவரும் ஒரே குரங்கை, ஒருவர் கொப்பியை மற்றவர் பார்க்காமல், குறியுங்கள். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்து எத்தனை இடத்தில் ஒத்துப்போகிறது என்று எண்ணுங்கள். முதல் நாள் அரைவாசிகூட ஒத்துப்போகாது. பட்டியலின் வரைவிலக்கணங்களைத் திருத்தித் திருத்தி வர எண்ணிக்கை ஏறும். இப்படி ஐம்பது மணிநேரக் குறிப்பு கையில் இருந்தால் விண்ணப்பக் கடிதத்தில் 'எனக்குச் சிறு வயது முதலே விலங்குகள் என்றால் உயிர்' என்று எழுதவேண்டிய தேவை இருக்காது.

கூண்டுக்கு வெளியேயும் எங்களுக்கு வேலை இருக்கிறது. இலங்கையில் ஐந்து இன முதனிகள் உண்டு, அவற்றில் மூன்று உலகில் வேறெங்கும் இல்லை: நாம் ரிலவா என்று சொல்லும் குரங்கு, ஊதா முக மந்தி, செந்தேவாங்கு. ஊதா முக மந்தியின் மேற்குக் கிளையினம் கொழும்பைச் சுற்றியுள்ள வீட்டுத் தோட்டங்களில்தான் வாழ்கிறது. உலகில் மிக அதிக ஆபத்திலுள்ள 25 முதனிகளின் பட்டியலில் அது பல தடவை வந்திருக்கிறது. தலங்கம குளத்தடிக்கு விடியப் போனால் பலா மரத்தில் அதைப் பார்க்கலாம், பத்தரமுல்லைப் பக்கம் போகும் பஸ் போதும். வெளிநாட்டு மாணவர் ஒருவர் விமானச் சீட்டு எடுத்து வந்து பார்க்கும் விலங்கு இது.

பொலன்னறுவையில் வொல்ஃப்காங் டிட்டஸ் 1968இல் தொடங்கிய ரிலவா ஆய்வு உலகின் மிக நீண்ட குரங்கு ஆய்வுகளில் ஒன்று. ஒவ்வொரு குரங்கையும் முகத்தால் அடையாளம் கண்டு தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர்ந்தார்கள். உணவு குறையும்போது கூட்டத்தில் தாழ்ந்த நிலையிலுள்ள குட்டிகள் தின்னுமிடத்திலிருந்து விரட்டப்பட்டு முதலில் சாகின்றன என்பதை அங்குதான் காட்டினார்கள். அந்தக் கட்டுரைகளை வாசிக்காமல் இலங்கையிலிருந்து யாரும் விண்ணப்பிக்கக்கூடாது என்பது என் அபிப்பிராயம்.

கேள்விகளும் வாசலிலேயே கிடக்கின்றன. 2023இல் ஒரு இலட்சம் ரிலவாக்களைச் சீனாவுக்கு அனுப்பலாமா என்ற பேச்சு நீதிமன்றம் வரை போனது. 2025 பெப்ரவரியில் பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடு முழுக்க மின்சாரம் போனதாக அமைச்சரே சொன்னார். அடுத்த மாதம் பயிரழிக்கும் விலங்குகளை நாடு முழுவதும் ஒரே நேரத்தில் ஐந்து நிமிடம் எண்ணினார்கள். அப்படி எண்ணினால் எண்ணிக்கை எவ்வளவு சரியாக இருக்கும்? ஒரே கூட்டம் இரு வளவுகளில் எண்ணப்பட்டால்? இது அசல் ஆய்வுக் கேள்வி. இதை ஒரு பக்கத்தில் எழுதத் தெரிந்த பிள்ளையிடம் இரசாயனவியல் புள்ளியை யாரும் முதலில் கேட்கமாட்டார்கள். ஒன்று மட்டும் கவனம்: சரணாலயத்துக்குள் ஆய்வு என்றால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி முதலில் வேண்டும்.

விண்ணப்பப் படிவத்தை நிரப்புவதற்கு மூன்று நாலு மாதம் முன்பே பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். எட்டுப் பத்து வரி போதும். அவருடைய எந்தக் கட்டுரையை வாசித்தீர்கள், அதில் எந்த இடம் உங்களை நிறுத்தியது, நீங்கள் எத்தனை மணிநேரம் எந்த விலங்கைப் பார்த்தீர்கள், அடுத்த வருடம் மாணவர் எடுக்கிறாரா. இவ்வளவுதான். நூறு பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினால் வாசிக்கிறவருக்கு இரண்டாம் வரியில் தெரிந்துவிடும். முதலில் சொன்னேனே, துறையில் உங்களுக்காகப் பேச ஒருவர் வேண்டும் என்று, அவர் இந்தக் கடிதத்தால்தான் கிடைப்பார்.

குறைந்த புள்ளியை மறைக்க வேண்டாம், அழவும் வேண்டாம். இரண்டு வரி: முதல் வருடம் என்ன நடந்தது, அதன்பிறகு என்ன மாறியது. மூன்றாம் வரியில் கொப்பிக்குப் போய்விடுங்கள். சிபாரிசுக் கடிதத்துக்கு, உங்களை முகத்தால்கூடத் தெரியாத துறைத் தலைவரைவிட, களத்தில் உங்களோடு மழையில் நின்ற இளம் விரிவுரையாளர் நல்லது.

எங்கள் தெருப் பிள்ளை இப்போது ஞாயிறுதோறும் தெஹிவளைக்குப் போகிறது. போன கிழமை கொப்பியைக் கொண்டுவந்து காட்டியது. 'பேன் பார்த்தல்' என்பதன் வரைவிலக்கணத்தை நாலாவது தடவையாக வெட்டித் திருத்தியிருந்தது. அன்று பார்த்த கிழட்டுப் பெண் குரங்கு ஒன்று பத்து நிமிடமும் அசையாமல் இருந்ததாம். அந்தப் பக்கத்தில் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், நடுவில் 'இருத்தல்' என்ற ஒரே சொல்.