செஞ்சிக்கு ரயில் வந்தாச்சு! தெர்மகோல் வாங்கப் போய் கத்துக்கிட்ட 4 கணக்கு

எமர்ஜென்சி ஃபண்ட் வீடியோ போட்ட மறுநாள் ராத்திரி என் சித்தி பையன் போன் பண்ணான். “அக்கா, ஒரு இஎம்ஐ போடலாமா? திட்டாதக்கா.”

திட்டல. விவரம் கேட்டேன்.

வயசு 24. சென்னையில வேலை. கைக்கு வர்ற சம்பளம் மாசம் ரூ.31,000. சேமிப்புக் கணக்குல இருப்பு ரூ.2,000 சொச்சம். ஆன்லைன் கார்ட்ல இருந்தது ரூ.22,400. அதுல ரயில் செட், தண்டவாளம் ரூ.13,800. மீதி ரூ.8,600 வெறும் ஃபோம் போர்டும் அதுக்கான டெலிவரி சார்ஜும்!

எதுக்குன்னு கேட்டேன். “தாத்தாவுக்கு செஞ்சியில ரயில் ஓட்டிக் காட்டணும்க்கா, பொங்கலுக்குள்ள.”

எங்க ஊர்க்காரங்களுக்கு இது உடனே புரியும். திண்டிவனம் – செஞ்சி – திருவண்ணாமலை புது ரயில் பாதை 2006-07 ரயில்வே பட்ஜெட்ல அறிவிச்ச திட்டம். கிட்டத்தட்ட 70 கி.மீ. அப்போ இவன் பால்வாடி போயிட்டிருந்தான். இன்னிக்கும் தாத்தா ரயில் ஏறணும்னா பஸ் பிடிச்சு திண்டிவனம்தான் போகணும். நிஜ ரயில் வரட்டும், அதுக்குள்ள நாம ஒண்ணு விட்டுருவோம்னு இவனுக்கு ஆசை.

ஆசையில தப்பே இல்ல. செலவு பண்ற வழியிலதான் தப்பு. மறுநாள் உட்கார்ந்து 4 கணக்கு போட்டோம். உங்க ஹாபி வேறயா இருக்கலாம், கணக்கு இதேதான்.

கணக்கு 1: எடைக்கு இல்ல, இடத்துக்குத்தான் கூரியர் காசு

ஃபோம் ஷீட் தூக்கினா எடையே தெரியாது. அப்புறம் ஏன் டெலிவரி சார்ஜ் அவ்ளோ? பல கூரியர் கம்பெனிகள் நிஜ எடை, பார்சலோட அளவை வெச்சுப் போடுற எடை, ரெண்டுல எது அதிகமோ அதுக்கு காசு வாங்குவாங்க. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டர்ல பெருக்கி 5,000-ஆல வகுக்கிறது வழக்கமான ஃபார்முலா.

1 மீட்டருக்கு அரை மீட்டர், 5 செ.மீ. தடிமன் ஷீட்டை எடுத்துக்கோங்க. 100 × 50 × 5 = 25,000. வகுத்தா 5 கிலோ. நிஜ எடை 400 கிராம்கூட வராது! 4 ஷீட் வாங்கினா ஒன்றரை கிலோ பொருளுக்கு 20 கிலோ சார்ஜ். நீங்க காத்துக்குத்தான் காசு கட்டுறீங்க.

பாடம்: இடத்தை அடைக்கிற, எடை இல்லாத பொருளை ஆன்லைன்ல வாங்காதீங்க. பக்கத்து ஊர்ல வாங்கி கையோட தூக்கிட்டு வாங்க.

கணக்கு 2: பேர் தெரிஞ்சா பாதி விலை மிச்சம்

வெளிநாட்டு வீடியோக்கள்ல இளஞ்சிவப்பு, நீல நிறத்துல வர்ற போர்டு எக்ஸ்பிஎஸ். அங்க வீட்டுச் சுவருக்குள்ள வெப்பம் தடுக்கப் போடுறது. நம்ம ஊர்லயும் இன்சுலேஷன் விற்கிற இடத்துல கிடைக்கும். வழவழன்னு வெட்டலாம், மணி உதிராது, ஆனா விலை ஜாஸ்தி. தெர்மகோல்னு நாம சொல்றது இபிஎஸ். இதுவும் அதே பாலிஸ்டைரீன்தான், மணிமணியா இருக்கும். ஃப்ளெக்ஸ் கடையில இருக்கிற சன்போர்டு பிவிசி. கட்டடம், பிளாட்ஃபாரம் செய்ய அது சூப்பர், மலைக்கு ஆகாது.

ஒரு விஷயம் கவனிங்க. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டுல தெர்மகோல் தட்டு, கப்புக்குத் தடை. 2022 ஜூலை 1 முதல் அலங்கார தெர்மகோலும் நாடு முழுக்கத் தடைப் பட்டியல்ல இருக்கு. அதனால டெக்கரேஷன் கடையில தேடாதீங்க. பேக்கிங் மெட்டீரியல் கடை, ஏசி – கோல்டு ஸ்டோரேஜ் இன்சுலேஷன் கடை, இங்கதான் கேக்கணும்.

கணக்கு 3: ஷீட்டுக்கு எவ்ளோன்னு கேக்காதீங்க

ரெண்டு கடையில ஒரே அளவு, ஒரே தடிமன் தெர்மகோல். ஒண்ணு ரூ.160, இன்னொண்ணு ரூ.190. தம்பி ரூ.160-க்கு கை நீட்டிட்டான். “இருடா, எடை போடு”ன்னேன்.

ரூ.160 ஷீட் 260 கிராம். ரூ.190 ஷீட் 380 கிராம். அதாவது முதல்ல உள்ளது கிராமுக்கு சுமார் 62 பைசா, ரெண்டாவது 50 பைசா. விலை கம்மியா தெரிஞ்சதுதான் நிஜத்துல காஸ்ட்லி. அடர்த்தி கம்மியான ஷீட் விரல் வெச்சாலே குழியும், மேல தண்டவாளம் போட்டா அங்கங்க அமுங்கி ரயில் தடம் புரளும்.

இந்த அளவு ஷீட் 375 கிராம் இருந்தா கன மீட்டருக்கு 15 கிலோ அடர்த்தி, 500 கிராம் இருந்தா 20 கிலோ. 15-க்குக் கீழ அடித்தளத்துக்கு வாங்காதீங்க. பக்கத்து காய்கறிக் கடை தராசு போதும்.

கணக்கு 4: பொருளோட அளவுக்கு பிளானை மாத்துங்க

தம்பியோட பிளான் 6 அடிக்கு 4 அடி. அதுக்கு ஷீட்டை முழுசா அடுக்கினா 6 வேணும், ஓரமெல்லாம் வெட்டி வீசணும். 2 மீட்டருக்கு 1 மீட்டரா மாத்தினோம். சரியா 4 ஷீட், வேஸ்ட் பூஜ்ஜியம். எச்ஓ அளவு ரயிலுக்கு 18 அங்குல ஆரத்துல வளைவு போட்டா விட்டம் 91 செ.மீ.தான், 1 மீட்டருக்குள்ள அடங்கிடும். ஓரத்துல இடம் கம்மிங்கிறதால ரயில் கீழ விழாம இருக்க சன்போர்டுல சின்னத் தடுப்பு வெச்சோம். டேபிள்? சித்தி வீட்டுல கழட்டி வெச்சிருந்த பழைய கதவு.

மலை ஃப்ரீ!

எச்ஓ-ங்கிறது நிஜத்துல 87-ல ஒரு பங்கு. ராஜகிரி சுமார் 800 அடி. கணக்குப்படி செஞ்சா 9 அடிக்கு மேல வரும், கூரை இடிக்கும்! அதனால ஒண்ணரை அடியில முடிச்சோம். கூடவே கிருஷ்ணகிரி, சந்திரகிரி.

இதுக்கு ஷீட்டே வாங்கல. ஃப்ரிட்ஜ், டிவி விற்கிற கடையில பேக்கிங் தெர்மகோல் குவிஞ்சு கிடந்தது, கேட்டதும் எடுத்துக்கச் சொன்னாங்க. செஞ்சி மலைங்க எப்படி இருக்கும்? யாரோ பாறையை உருட்டி உருட்டி அடுக்கின மாதிரி. தெர்மகோலைக் கத்தியால வெட்டாம கையால பிச்சா அதே உருண்டைப் பாறை ரெடி. மேல நியூஸ் பேப்பரை ஃபெவிகாலும் தண்ணியும் கலந்து ஒட்டி, சுவர் புட்டி பூசி, சாம்பல் கலர் அடிச்சோம். 2025-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்த கோட்டை, எங்க கதவு மேல ஏறிடுச்சு.

ரெண்டு எச்சரிக்கை. ஸ்ப்ரே பெயிண்டும் ரப்பர் சொல்யூஷன் வகை பசையும் தெர்மகோலைக் கரைச்சிடும், தண்ணியில கரையற பசையும் பெயிண்டும்தான் சரி. தெர்மகோல் சட்டுனு தீப்பிடிக்கும், விளக்கு, சால்டரிங் அயர்ன் பக்கத்துல வேணாம்.

மொத்த பில்

4 ஷீட் ரூ.760. சன்போர்டு வெட்டுத் துண்டு ரூ.120. ஃபெவிகால் ரூ.300. புட்டி ரூ.60. பெயிண்ட் ரூ.250. ஆட்டோ ரூ.150. ஆக மொத்தம் ரூ.1,640. எங்களுக்கு கிடைச்ச விலை இது, உங்க ஊர்ல மாறும். ஆனா ரூ.8,600 எங்க, ரூ.1,640 எங்க? மிச்சம் ரூ.6,960.

சரி, ரயில் செட்டுக்கு ரூ.13,800? “நோ காஸ்ட் இஎம்ஐதானேக்கா”ன்னான். பேர்லதான் நோ காஸ்ட். கிரெடிட் கார்டு இஎம்ஐ-னா, வட்டியை தள்ளுபடியா கழிச்சாலும், அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி நீங்கதான் கட்டணும். பல பேங்க்ல பிராசஸிங் ஃபீஸும் உண்டு. அதைவிட முக்கியம், கையில ரூ.2,000 வெச்சிருக்கிறவன் ஒரு தவணை தவறினா அதுக்கு அபராதம் வேற.

போன் பண்ணது அக்டோபர் முதல் வாரம். அக்டோபர், நவம்பர், டிசம்பர், மாசம் ரூ.4,600 தனியா எடுத்து வெச்சான். ஜனவரி முதல் வாரம் முழுக் காசு கொடுத்து வாங்கினான். கடன் இல்ல. ஜனவரியிலயும் அதே ரூ.4,600-ஐ நிறுத்தாம ஆர்டி-யில போடச் சொன்னேன். அதுதான் அவனோட முதல் எமர்ஜென்சி ஃபண்ட்.

இந்த ஆறு வருஷத்துல நான் பார்த்த வரைக்கும், ஹாபியால யாரும் கடனாளி ஆகல. “இப்பவே வேணும்”ங்கிற அவசரத்தாலதான் ஆகிறாங்க. மூணு மாசம் காத்திருந்தா பொருளோட விலையும் தெரியும், அது நமக்கு நிஜமாவே வேணுமான்னும் தெரியும்.

பொங்கல் அன்னிக்கு தாத்தாவை நாற்காலி போட்டு உட்கார வெச்சோம். ராஜகிரியைச் சுத்தி ரயில் வந்து செஞ்சி ஸ்டேஷன்ல நின்னுச்சு. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் கேட்டார்: “ஏன்டா, திண்டிவனத்துக்கு டிக்கெட் எவ்ளோ?”

“உனக்கு ஃப்ரீ தாத்தா”ன்னான் தம்பி.

அடுத்த வீடியோல ஆர்டி-யா, லிக்விட் ஃபண்டான்னு பார்க்கலாம். அதுவரைக்கும், கார்ட்ல இருக்கிறதுல எது காத்துக்குக் கட்டுற காசுன்னு ஒரு தடவை பார்த்து வைங்க.