முகத்தில் இல்லாத குறை

“உன் மூக்குக்கு என்னடா குறைச்சல்?” என்று வீட்டில் ஆளாளுக்குச் சொல்கிறார்கள். பையன் நம்புவதில்லை. பைக் கண்ணாடி, லிஃப்ட் கதவு, அணைந்த செல்போன் திரை என்று முகம் தெரிகிற இடத்திலெல்லாம் நின்று பார்க்கிறான். மாஸ்க் இல்லாமல் கல்லூரிக்குக் கிளம்புவதில்லை. இது தினமும் மணிக்கணக்கில் நீடித்து, படிப்பையும் வேலையையும் கெடுத்தால் அது வயசுக் கோளாறு அல்ல, ‘பாடி டிஸ்மார்ஃபிக் டிஸார்டர்’ என்ற மனநோயாக இருக்கலாம். 1891-லேயே இத்தாலிய மருத்துவர் என்ரிகோ மோர்செல்லி இதை விவரித்துவிட்டார். நூறு பேரில் ஏறக்குறைய இரண்டு பேருக்கு இருக்கிறது. பெரும்பாலும் 18 வயதுக்கு முன்பே தொடங்கிவிடும், ஆண்களும் தப்புவதில்லை.

அவன் வேண்டுமென்றே பிடிவாதம் பிடிக்கவில்லை என்பதற்கு மூளை ஆய்வுகளில் சான்று உண்டு. அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஜேமி ஃப்யூஸ்னர் குழுவினர் 2007-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஸ்கேன் கருவிக்குள் படுத்திருந்தவர்களுக்கு மூன்று விதமான முகப் படங்களைக் காட்டினார்கள்: சாதாரணப் படம், நுணுக்கம் நீக்கிய மங்கல் படம், கோடும் சுருக்கமும் மட்டும் எஞ்சிய படம். நோயில்லாதவர்களின் மூளையில், நுணுக்கங்களைப் பிரித்தறியும் இடதுபக்கப் பகுதிகள் கோட்டுப் படத்துக்கு மட்டுமே அதிகம் வேலை செய்தன. நோயாளிகளுக்கோ சாதாரணப் படத்துக்கும் மங்கல் படத்துக்கும்கூட அதே பகுதிகள் இயங்கின. நுணுக்கமே இல்லாத படத்திலும் மூளை நுணுக்கத்தைத் தேடியிருக்கிறது. அதுவும் அவர்களுடைய முகமல்ல, முன்பின் தெரியாதவர்களின் முகம்! பின்னர் மற்றோர் ஆய்வில் வீடுகளின் படங்களைக் காட்டியபோதும், முழு உருவத்தைச் சேர்த்துப் பார்க்கும் வேலையில் வித்தியாசம் தெரிந்தது.

கண் நன்றாகத்தான் இருக்கிறது. புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்து கோலத்தைத் தவறவிடுவது போல, மூளை ஒரு தழும்பில் நின்றுவிடுகிறது. “நல்லாத்தானே இருக்கே” என்ற ஆறுதல் எடுபடாததற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் இந்த நோயை ஸ்கேன் எடுத்துக் கண்டுபிடிக்க முடியாது. அப்படிச் சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். மருத்துவர் உட்கார்ந்து பேசித்தான் கண்டறிவார்.

போதாக்குறைக்கு செல்ஃபி. முகத்துக்கு ஓரடி தூரத்தில் எடுத்த படத்தில், ஐந்தடி தள்ளி எடுத்ததைவிட மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018-ல் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தப் படத்தைக் கொண்டுபோய்த்தான் மூக்கு ஆபரேஷனுக்கு விலை கேட்கிறார்கள்.

இந்த நோயுள்ளவர்களுக்கு அழகு சிகிச்சை பெரும்பாலும் நிம்மதி தருவதில்லை. மூக்கு சரியானால் கவலை தாடைக்கு இறங்கும். பலன் தருபவை இரண்டு: எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகள், சிபிடி என்ற, எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றும் சிகிச்சை. மாத்திரை வேலை செய்கிறதா என்று தெரியவே மூன்று மாதம் ஆகலாம், நடுவில் நிறுத்தக்கூடாது. சிபிடியின் ஒரு பகுதி கண்ணாடிப் பயிற்சி. கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்க்காமல், இரண்டு மூன்று அடி தள்ளி நின்று, தலைமுதல் கால்வரை தெரிவதை, நல்லது கெட்டது சொல்லாமல், வாய்விட்டு விவரிக்க வேண்டும். கேட்க எளிது, செய்கிறவர்களுக்கு முதல் சில நாட்கள் படாதபாடு.

தற்கொலை எண்ணம் இந்த நோயில் அதிகம். அந்தப் பேச்சு வந்தால் தாமதிக்காமல் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள்; கட்டணமில்லை, 24 மணி நேரமும் இயங்குகிறது.

‘மனநல மருத்துவரிடம் போனால் வெளியே தெரிந்துவிடுமே’ என்ற பயம்தான் பலரைத் தடுக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-ன் 23-ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது: சட்டம் சொல்லும் சில விதிவிலக்குகள் தவிர, உங்கள் நோய் விவரத்தை மருத்துவமனை வெளியிடக்கூடாது. 18-ஆம் பிரிவின்படி அரசு மருத்துவமனையில் மனநல சிகிச்சை பெறுவது உங்கள் உரிமை. 21(4) பிரிவு, உடல்நோய்க்கு உள்ள அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தரச் சொல்கிறது. ‘மனநோய்க்குக் கிடையாது’ என்று நிறுவனம் கைவிரித்தால் முதலில் அங்கேயே எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் தீரவில்லையென்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

அழகு சிகிச்சைக்காக ஏற்கெனவே கிளினிக்கில் பணம் கட்டிவிட்டவர்களுக்கும் வழி உண்டு. ஆபத்துகளையும் மாற்று வழிகளையும் சொல்லாமல் வாங்கிய கையெழுத்து முறையான ஒப்புதல் ஆகாது என்று சமீரா கோலி என்பவரின் வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் சிகிச்சைப் பதிவுகளைத் தர வேண்டும். பொய் விளம்பரத்தை நம்பி ஏமாந்திருந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட இரண்டு ஆண்டு கெடு. அதனால் பில்லையும் ஒப்புதல் படிவத்தின் நகலையும் ஆத்திரத்தில் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.