எது முதற் காரியம்?

ராஜீய விஷயங்கள் பல. அவற்றுள் முதன்மையானது எது என்று நிர்ணயிக்க மாட்டாதவன், எல்லாக் கொடிகளின் பின்னும் ஓடி, ஒன்றையும் சாதியாமல் ஓய்வான்.

1930 ஜனவரியில் காந்தியடிகள் சர்க்காரின் முன் 11 கோரிக்கைகளை வைத்தார். மதுவிலக்கு, நிலவரிக் குறைப்பு, ராணுவச் செலவுக் குறைப்பு, நாணய மாற்று விகிதம் யாவும் அவற்றில் அடங்கும். ஆயினும் போருக்கு அவர் தேர்ந்தெடுத்தது உப்பு வரியையே. காங்கிரஸ் தலைவர்களிலும் சிலர் ஐயுற்றனர். நம்மைப் போன்ற வக்கீல்களைக் கேட்டிருந்தால், நாணய விகிதமே பெரிதென்று வாதித்திருப்போம்! ஆனால் உப்பு வேண்டாத குடிசை இந்நாட்டில் உண்டோ? அவ்வரியை எதிர்க்கச் சாஸ்திர ஞானமும் வேண்டியதில்லை. ஒரு பிடி உப்பை அள்ளும் கையும், சிறைக்கு அஞ்சாத நெஞ்சும் போதும். ஏப்ரல் 6-ஆம் தேதி தண்டியில் மீறப்பட்ட சட்டம், அம்மாதம் 30-ஆம் தேதி ராஜாஜியின் தலைமையில் வேதாரண்யத்திலும் மீறப்பட்டது.

நேயர்களே, வாக்குச்சீட்டைக் கையிலெடுக்குமுன் இரண்டே கேள்விகளைக் கேளுங்கள். இவ்விஷயம் ஏழையின் அடுப்பைத் தொடுகிறதா? இதற்காக நாமே செய்யத்தக்க காரியம் ஏதேனும் உண்டா? இரண்டிற்கும் ஆம் என்று விடை தருவதே முதற் காரியம். மற்றவை தள்ளத்தக்கவை அல்ல. வரிசையில் பின்னே நிற்கத்தக்கவை என்பதே நமது அபிப்பிராயம்.