பழைய பேஸ் கிடாரைப் புதிதாக்க வேண்டாம்

இளையராஜாவின் 80களின் பாடல்களில் மெல்லிசைக்கு அடியில் தனி வழியில் நடந்துபோகும் கனத்த குரல் பேஸ் கிடாருடையது. அந்தக் கருவி பெருவாரியாகப் புழக்கத்துக்கு வந்தது 1951-இல், அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், ஃபுல்லர்ட்டன் நகரிலிருந்த லியோ ஃபெண்டரின் தொழிற்கூடத்திலிருந்து. அதற்கு முன் அந்த வேலையைச் செய்தது ஆளுயர டபுள் பேஸ். அதைத் தூக்கிச் செல்வதும் பாடு, டிரம்ஸுக்கும் மின்கிடாருக்கும் நடுவே அதைக் கேட்கவைப்பதும் பாடு. ஃபெண்டரின் பிரிசிஷன் பேஸைத் தோளில் மாட்டிக்கொள்ளலாம். கழுத்தில் மெட்டுகள் பதித்திருப்பதால் சுரம் பிசகாது. 34 அங்குல அளவில் நான்கு தந்திகள். தடித்த தந்தியின் அதிர்வு நொடிக்குச் சுமார் 41. 1960-இல் ஃபெண்டரின் ஜாஸ் பேஸ் வந்தது. 1965 ஜனவரியில் நிறுவனம் ஒலிபரப்பு நிறுவனமான சி.பி.எஸ். கைக்கு மாறியது. அதற்கு முன் செய்த கருவி ஒன்றுக்காக வாசிப்பவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். கிடைத்ததும் பலருக்குக் கை பரபரப்பது அதைச் சுரண்டி, பூசி, பளபளப்பாக்கத்தான். அங்கேதான் இழப்பு தொடங்குகிறது. வாசிப்பதற்குத் தேவையானதைப் பழுது பார்க்க வேண்டும். மற்றதைத் தொடவே கூடாது.

‘பழைய பாகங்களில் அப்படி என்ன மாயம்? ஒலி நன்றாக இருந்தால் போதாதா?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. உலோகத் தந்தி காந்தங்களுக்கு மேலே அதிரும்போது காந்தப் புலம் அசைகிறது. காந்தத்தைச் சுற்றிய செப்புக் கம்பிச் சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. பிக்கப்பின் தத்துவம் இவ்வளவுதான், இதில் கிழட்டு மரத்துக்குப் பெரிய பங்கு இருப்பதாக நான் நினைக்கவில்லை. டெட்ராய்ட்டின் மோடவுன் நிறுவன இசைத்தட்டுகளில் ஜேம்ஸ் ஜேமர்சன் 1962ஆம் ஆண்டு பிரிசிஷன் பேஸை வாசித்தார். மேற்பரப்பு வழவழப்பான தடித்த தந்திகளை, அறுந்தாலொழிய மாற்றமாட்டார். பாலத்தருகே தந்திகளை அமுக்கும் பஞ்சு. வலக்கையில் ஒரே ஒரு விரல். அந்த ஒலியின் பெரும்பகுதி இவற்றிலிருந்து வந்தது, இன்று புதுக் கருவியிலேயே அதை நெருங்கிவிடலாம். ஆனால் இந்த வாதம் என் கட்சிக்கே வலு சேர்க்கிறது. ஒலி புதியதிலும் கிடைக்கும் என்றால், பழையதில் மட்டும் இருப்பது எது? அறுபது ஆண்டுகளுக்கு முன் அது எப்படிச் செய்யப்பட்டது என்ற சான்று. அதைச் சுரண்டி எறிந்தபின், புதியதைவிட அதிக விலை கொடுத்ததற்குக் காரணமே மிஞ்சாது.

அந்தச் சான்று எங்கெங்கே இருக்கிறது என்பது வாங்கும்போதே தெரிந்துவிடும். முதுகில் நான்கு திருகுகளுடன் இருக்கும் தகட்டில் வரிசை எண் இருக்கிறது; ஆனால் தகட்டை யாரும் மாற்றிவிடலாம். கழுத்தைக் கழற்றினால் அதன் அடிமுனையில் பென்சிலாலோ முத்திரை மையாலோ இட்ட தேதி கிடைக்கக்கூடும். ஒலியளவு மாற்றும் குமிழுக்கு அடியிலுள்ள பொட்டென்ஷியோமீட்டரின் உலோக உறையில் ஒரு குறியீடு பொறித்திருக்கும். 137 என்று தொடங்கினால் சி.டி.எஸ். நிறுவனத் தயாரிப்பு, அடுத்த எண்கள் ஆண்டும் வாரமும். 1376412 என்றால் அந்தப் பாகம் 1964இன் 12ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. கிடார் அதற்குப் பிறகுதான் உருவாகியிருக்க முடியும். ஈயப்பற்று கலையாமல் இருந்தால்தான் இந்தக் கணக்கை நம்பலாம். மேற்பூச்சும் பேசும். அக்காலத்து நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் காலப்போக்கில் மஞ்சளிக்கும். அதனால் வெள்ளைக் கருவி பாலேட்டு நிறமாகும், நீலம் பச்சையாகும், தட்பவெப்ப மாற்றத்தில் மயிரிழை விரிசல்கள் ஓடும். பலர் அழுக்கு என்று தேய்த்துப் போக்குவது இந்த முதுமையைத்தான். மறுபூச்சு பூசிய கருவியின் விலை ஏறக்குறைய பாதியாகிவிடும் என்பது விற்பவர்களிடையே நிலவும் பொதுக்கணக்கு.

‘வாசிக்க முடியாத கருவியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இது அருங்காட்சியகமா?’ இந்த எதிர்ப்பை முழுக்க ஏற்கிறேன். தந்தி, மெட்டு, மேல்முனைத் தாங்கி, பிக்கப்புக்கு அடியில் மக்கிப்போன பஞ்சு எல்லாம் தேய்வதற்கென்றே உள்ளவை; தயங்காமல் மாற்றலாம். மெழுகில் மெட்டுகளை மீண்டும் பதித்து மேளம் கட்டிய வீணையைப் பழைய வீணை இல்லை என்று யாரும் சொல்வதில்லையே. நான்கு தந்திகளும் சேர்ந்து கழுத்தை ஏறக்குறைய 80 கிலோ விசையுடன் இழுக்கின்றன. பல பத்தாண்டுகளில் கழுத்து முன்பக்கம் வளைவது இயல்பு. உள்ளே ஓடும் எஃகுத் தண்டை முறுக்கி அதை நிமிர்த்தலாம். பழைய ஃபெண்டரில் முறுக்கும் மரை உடலோடு சேரும் முனையில் இருப்பதால் கழுத்தைத் தளர்த்தியே ஆக வேண்டும். ஒவ்வொரு முறையும் சிறிதளவே திருப்ப வேண்டும். குமிழைத் திருப்பும்போது கரகரத்தால் பெரும்பாலும் துப்புரவுத் திரவமே போதும். பிக்கப் ஊமையாகிவிட்டால் உடனே புதுக்கம்பி சுற்றச் சொல்லாதீர்கள். மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். ஜாஸ் பேஸ் பிக்கப் பொதுவாக 7, 8 கிலோ ஓம் காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. அறுந்த இடம் சுருளின் வெளிமுனையாக இருந்தால் ஒரு சொட்டு ஈயத்தில் சரியாகிவிடும். உட்சுருள் துருவில் அரித்திருந்தால் மட்டுமே, தலைமுடி அளவே தடிமனான அந்தக் கம்பியை மீண்டும் சுற்ற வேண்டும்.

கடைசியாக, அமெரிக்க பேஸ் கலைஞர் ஜேக்கோ பாஸ்டோரியஸைக் காட்டுவார்கள். அவருடைய 1962 ஜாஸ் பேஸில் மெட்டுகளைப் பிடுங்கி, பள்ளங்களை அடைத்து, மேலே படகுகளுக்குப் பூசும் எப்பாக்ஸி பூசியிருந்தது. அந்த மாற்றம் இல்லாமல் 1976-இல் வந்த அவருடைய முதல் இசைத்தொகுப்பு இல்லை. உண்மைதான். ஆனால் அன்று அது சந்தையில் எளிதாகக் கிடைத்த, சுமார் பத்து ஆண்டுகளே பழகிய கருவி. மெட்டில்லாத பேஸ் இன்று கடையிலேயே கிடைக்கிறது. அதற்காக ஒரு 1962ஐப் பலியிடத் தேவையில்லை. அதே கருவி பின்னாளில் துண்டு துண்டாக உடைந்தது. இரண்டு கைவினைஞர்கள் அந்தத் துண்டுகளையே ஒட்டி உயிர் கொடுத்தார்கள். 1986-இல் நியூயார்க்கில் களவு போய் 2006-இல் வெளிப்பட்டபோது, அந்த ஒட்டுவேலையின் தடங்களும் அது எந்தக் கருவி என்று சொல்லும் அடையாளங்களாக இருந்தன. ஆகவே முன்னால் யாரோ செய்த மாற்றத்தையும் அவசரப்பட்டு அழிக்காதீர்கள். பழைய பூச்சின் மேல் மட்டமான பெயின்ட் அடித்திருந்தால் மட்டும் எனக்குத் தயக்கம் உண்டு. அடியில் அசல் பூச்சு உயிரோடு இருப்பது உறுதியானால், தேர்ந்த கைவினைஞரைக் கொண்டு மெல்ல நீக்கலாம்.

ஒரு சட்டச் செய்தியும் உண்டு. 60களின் முற்பகுதி ஃபெண்டர்களின் விரற்பலகை பெரும்பாலும் பிரேசில் ரோஸ்வுட் மரம். 1992 முதல் அது, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருப்பதால், உரிய அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளிநாட்டிலிருந்து வாங்காதீர்கள். கழுத்தைக் கழற்றிக் காட்ட மறுப்பவரிடமும் வாங்காதீர்கள். பழுது பார்க்கும்போது கழற்றிய ஒவ்வொரு அசல் பாகத்தையும், ஒரு திருகாக இருந்தாலும், உறையில் போட்டுத் தேதியும் காரணமும் எழுதிப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். அடுத்து வாங்குபவருக்கு அது தேவைப்படும்.